தண்ணிக்கு ரெண்டு கிலோ

பிள்ளைகளுக்குத் தன் சின்ன வயதைக் காட்டுகிறேன் என்று கிளம்பும் தகப்பன்மாரை யாராவது வாசலிலேயே மறித்து வீட்டுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். என்னை யாரும் மறிக்கவில்லை. என் மனைவி சுமதி மறித்திருக்கலாம். "போயிட்டு வாங்கோ, வரேக்க அக்காட்ட கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆகவே அன்று நடந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு என்று இன்றுவரை வாதாடி வருகிறேன். வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நான் பிறந்தது ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில். (தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் அக்கா பார்வதி இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.) இப்போது அம்பிட்டியவில் வீடு, கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் வேலை, யாழ்ப்பாணத்து மனைவி, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அபிநயாவுக்குப் பதினொரு வயது, இளையவன் கவினுக்கு ஏழு. மகளுக்குக் கோபம் வந்தால் தாயின் தமிழ் வரும், காரியம் ஆகவேண்டுமென்றால் என் தமிழ் வரும். இதைத் தவிர அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எதைக் காட்டினாலும் பத்துக்குப் புள்ளி போடுவாள்.

என் சின்ன வயதுச் சந்தோஷங்களை ஒவ்வொன்றாக அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். பப்பாளித் தண்டை வெட்டி ஊதல் செய்து ஊதிக் காட்டினேன். "மூண்டு" என்றாள். காட்டுக் கொய்யா பறித்து உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுத்தேன். உள்ளே புழு இருந்தது. "ரெண்டு. புழுவுக்கு ஒண்டு, உப்புக்கு ஒண்டு." உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்கிக் காட்டினேன். காற்சட்டை பின்பக்கம் கிழிந்தது. அதற்காக ஒரு புள்ளி கூட்டி நாலு போட்டாள். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரை விட்ட விளையாட்டுக்கு நாலு. இந்தப் புள்ளி போடும் திமிர் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சுமதியிடம் கேட்டேன். மேசையில் குவிந்திருந்த என் மாணவர்களின் விடைத்தாள்களை அவள் ஒருமுறை பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குத் தராசு ஞாபகம் வந்தது.

தோட்டத்தில் பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கும் இடத்தை மடுவம் என்போம். நாலு தூண், மேலே தகரம், கீழே சிமெந்துத் தரை. நடுவில் உத்தரத்திலிருந்து ஒரு தராசு தொங்கும். கடிகாரம் போல வட்ட முகம், கீழே ஒரு பெரிய கொக்கி. கொழுந்துச் சாக்கை அந்தக் கொக்கியில் மாட்டினால் முள் சுற்றி நிறையைக் காட்டும். பின்னேரம் பெண்கள் மலையிலிருந்து இறங்குவதற்கு முன் நாங்கள் ஓடிப் போய் நிற்போம். அன்றைய கணக்கப்பிள்ளை எங்களை ஒவ்வொருவராக வெறும் சாக்கில் உட்கார வைத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார். சாக்கு ஒரு சுற்றுச் சுற்றும். கண்டி நகரமும் மலையும் வானமும் நம்மைச் சுற்றிவரும். அவர் முள்ளைப் பார்த்துப் பெரிய தொனியில் கத்துவார்: "பதினெட்டு கிலோ. தண்ணிக்கு ரெண்டு போக பதினாறு." நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். தண்ணீருக்குக் கழித்தார் என்றால் சாக்குக்குள் இருப்பவன் மூத்திரம் பெய்துவிட்டான் என்று எங்களுக்குள் அர்த்தம். இதைவிடப் பெரிய நகைச்சுவை அந்த மலையில் இருக்கவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாத மனுஷி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஒரு வாரமாக மழையே இல்லை. பாதை முழுக்கப் புழுதி. மடுவம் அப்படியே இருந்தது. தகரம் மட்டும் புதிது. அதே மாதிரி ஒரு தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற கணக்கப்பிள்ளை மோகன், பாடசாலையில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். நான் எத்தனை தடவை சொன்னாலும் என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவான்.

"பொம்பளைங்க எறங்க இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு சேர். சின்னவர வேணும்னா மாட்டிப் பாப்போம்" என்றான்.

கவினைச் சாக்கில் உட்கார வைத்து மாட்டினோம். சாக்கு சுற்றியது. அவன் சிரித்த சிரிப்பைக் கேட்டதும் என் உடம்பெல்லாம் புல்லரித்தது. இவ்வளவு நாளும் நான் சொல்லத் தெரியாமல் திண்டாடியது இதைத்தான். மோகனும் பழைய கணக்கப்பிள்ளையின் தொனியை அப்படியே எடுத்தான்.

"இருபத்திரெண்டு கிலோ. தண்ணிக்கு ரெண்டு போக இருபது."

நான் சிரித்தேன். மோகன் சிரித்தான். அபிநயா சிரிக்கவில்லை.

"தம்பி நனையேல்லயே. ஏன் கழிக்கிறார்?"

"அது சும்மா ஒரு பகிடிம்மா."

"யாருக்குப் பகிடி?"

(பிள்ளைகளை விஞ்ஞான ஆசிரியர்கள் வளர்க்கக் கூடாது.) நான் பேச்சை மாற்றி, எத்தனை புள்ளி என்று கேட்டேன். அவள் யோசித்து "ஆறு" என்றாள். அதுவரை கிடைத்ததில் அதுதான் அதிகம். எனக்கு ஆசை விட்டதா? "நீங்க ஏறினா எட்டுப் போடுவன்" என்று அவள் சொன்னதும் நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

மோகன் தடுத்தான் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். "சேர், இது அம்பது கிலோ தராசு. நீங்க எவ்வளவு?"

"எழுபத்திரண்டுதான்" என்றேன்.

எழுபத்திரண்டு ஐம்பதைவிடப் பெரிய எண் என்பது எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. சுருள்வில்லை அளவுக்கு மீறி இழுத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது என்று வருஷா வருஷம் படம் கீறிப் படிப்பிக்கிறவன் நான். ஆனால் எங்கள் காலத்தில் மூன்று பேர் ஒன்றாகத் தொங்கினோம், தராசுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற ஞாபகம் விஞ்ஞானத்தை அடித்துத் தள்ளிவிட்டது. (அந்த மூன்று பேரும் சேர்ந்தே ஐம்பது கிலோ வராது. லயத்துப் பிள்ளைகள்.)

ஏறினேன். கால்வாசிச் சுற்றுச் சுற்றினேன். கண்டி நகரம் ஒருமுறை கண்ணில் பட்டது, பிறகு மேலே என்னவோ 'டணார்' என்று அறுந்தது. சிமெந்துத் தரையில் குந்தியபடி இருந்தேன். கொக்கி மடியில் கிடந்தது. தராசின் முள் ஐம்பதைத் தாண்டிப் போய் எதையோ இடித்து வளைந்து நின்றுவிட்டது. சாக்கு இடுப்பைச் சுற்றி இறுகிப்போய், எழும்பவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கவின் கைதட்டி "திருப்பிச் செய்யுங்கோ அப்பா" என்றான்.

"ஒம்பது" என்றாள் அபிநயா.

அந்த ஒன்பதை அனுபவிக்க எனக்கு விதி இருக்கவில்லை. சாக்கிலிருந்து என்னை மோகன் இழுத்துக்கொண்டிருந்தபோதே பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சாக்குக் கொழுந்து. முன்னால் வந்தது என் அக்கா. தராசைப் பார்த்தாள், வளைந்த முள்ளைப் பார்த்தாள், கடைசியில்தான் என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீ என்ன பண்ணி வச்சிருக்க?"

நான் சின்ன வயது, பிள்ளைகள், ஞாபகங்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் காது கொடுக்கவில்லை. விஷயம் பாரதூரமானது. தோட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வேர்வை மட்டும் முழுநாளுக்கு உரியது. காலையும் பகலும் நிறுத்ததில் அக்காவுக்குப் பதினொரு கிலோ சேர்ந்திருந்தது. இன்னும் ஏழு வேண்டும். அது தலையில் இருந்த சாக்கில் இருக்கிறதா என்று சொல்ல வேண்டிய தராசை நான் உட்கார்ந்து உடைத்திருந்தேன். மாற்றுத் தராசு பழுதாகி ஒரு மாதமாகிறது. கொழுந்து லொறி இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

மோகன் தலையைச் சொறிந்தான். "என்ன செய்ய. இன்னைக்கு கண்ணளவுல போட்டுர்றேன்."

"கண்ணளவா?" என்றாள் அக்கா. "ஒங் கண்ணு எந்தப் பக்கம் சாயும்னு எங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற இருபத்தொரு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மோகனைத் திட்டியது பாதி, என்னைத் திட்டியது பாதி. "படிச்ச மனுசன் செய்ற வேலயா இது?" "ஊஞ்சலாடணும்னா கண்டில பார்க்கு இல்லயா?" நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடுவத்தில் இருந்த ஒரே நல்ல மூளை அபிநயாவுடையது என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

"அம்மாட தராசு வீட்டில இருக்குத்தானே" என்றாள்.

இந்த இடத்தில் இன்னொரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் என் பிறந்தநாளுக்கு, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கும் என் மனைவி, ஏறி நின்று நிறை பார்க்கும் கண்ணாடித் தராசு ஒன்றைப் பரிசாகத் தந்தாள். (பிறந்தநாளுக்கு. மனிதத்தன்மை என்று ஒன்று இல்லையா?) நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஒருநாளும் ஏறவில்லை. எனக்கு எழுபத்திரண்டு கிலோ என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அந்த எண் கல்யாணத்துக்கு முன் எங்கேயோ பார்த்தது.

போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "ஓம், வாறன்" என்றாள் சுமதி. ஒரு சாமான் வாங்கக் கடைக்கு வரச் சொன்னால் ஒரு மணித்தியாலம் ஆயத்தமாகிறவள், அம்பிட்டியவிலிருந்து ஹந்தானை மலைக்கு ஓட்டோவில் அரை மணித்தியாலத்தில் வந்து இறங்கினாள். தராசைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முகத்தில் அடக்கி வைத்த சந்தோஷம்.

அதற்குள் லொறியும் வந்து, சாரதி சலித்துக்கொண்டு ஓரமாக நின்றார். தராசைத் தரையில் வைத்தோம். சாக்கை அதன் மேல் வைத்தால் எண் தெரியாமல் மூடிவிடுகிறது. ஆகவே யாராவது சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்க வேண்டும், பிறகு அந்த ஆளின் நிறையைக் கழிக்க வேண்டும்.

"யாரு நிக்கிறது?" என்றான் மோகன்.

"ஒடச்சவந்தான் நிக்கணும்" என்றாள் அக்கா.

இருபத்திரண்டு பெண்கள், ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு லொறிச் சாரதி, ஒரு ஓட்டோக்காரர், என் மனைவி மக்கள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நான் பெல்ட்டைக் கழற்றினேன். பணப்பையை எடுத்து வைத்தேன். போனை எடுத்து வைத்தேன். கைக்கடிகாரத்தையும் கழற்றினேன். ஏறி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன்.

"மூச்சை விடுங்கோ" என்றாள் சுமதி. "வயித்தை எக்கினா நிறை குறையாது. நீங்கள்தானே படிப்பிக்கிறனீங்கள்."

அபிநயா குனிந்து வாசித்தாள். "எண்பத்தாறு தசம் நாலு."

ஓட்டோக்காரர் மெல்ல "அம்மோ" என்றார். ஒரு வருஷமாகக் காத்திருந்த எண்ணைச் சுமதி தானும் குனிந்து ஒருமுறை வாசித்தாள்.

அக்காவின் சாக்கை முதலில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"தொண்ணூத்தஞ்சு" என்றாள் மகள். "அப்பாவைக் கழிச்சா எட்டு தசம் ஆறு."

அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஏழு தேவைப்பட்ட இடத்தில் எட்டரைக்கு மேல். முழுப்பேர் நிச்சயம். மோகன் பேனையை எடுத்தான்.

"எட்டு அறநூறு. சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு போக ஆறு அறநூறு." எழுதப் போனான். "பார்வதிக்கு இன்னைக்கு அரைப்பேர்."

நான் எதிர்பார்த்தது கூச்சல். அரை மணித்தியாலமாக என்னைக் கிழித்துத் தொங்கப் போட்ட இருபத்திரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் திரும்பலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மா திரும்பியது இப்படித்தான். அவள் திரும்பிய பக்கத்துக்குப் பின்னால், அவளுடைய இரண்டு கிலோ போன அதே தராசில், நான் சாக்குக்குள் இருந்து வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த சந்தோஷம் இதுதான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும்.

"மோகன், எந்தத் தண்ணி?" என்றேன்.

"சேர்?"

"ஒரு வாரமா மழை இல்ல. ரோட்டுல புழுதி பறக்குது. கொழுந்துல எந்தத் தண்ணி?"

"அது வழக்கம் சேர். மேலயும் அப்பிடித்தான் சொல்றாங்க. நா என்ன பண்ண?"

"சாக்கு எவ்வளவு எண்டு ஆராவது நிறுத்துப் பார்த்தனீங்களா?" என்றாள் அபிநயா. கோபத்தில் இருந்தாள் போலும், தாயின் தமிழ் வந்தது.

வெறும் சாக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினேன். எண்பத்தாறு தசம் ஒன்பது. அரைக் கிலோ. மோகன் குனிந்து தானே பார்த்தான். என்னை இறங்கி ஏறச் சொன்னான். மறுபடியும் அரைக் கிலோதான். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கச் சுமந்த சாக்கின் நிறையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக எண்ணில் பார்த்தார்கள்.

"கழிக்கிறதுன்னா என்னயக் கழி" என்றேன். "சாக்குக்கு அரைக் கிலோ கழி. வேற ஒண்ணையும் கழிக்காத."

மோகன் லொறியைப் பார்த்தான், பதிவுப் புத்தகத்தைப் பார்த்தான். அக்கா தன் சாக்கைத் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எழுதாமல் ஒரு சாக்கும் லொறியில் ஏறாது என்பது சாரதிக்குக்கூடப் புரிந்தது. அவர்தான் முதலில் வாய் திறந்தார். "எழுதித் தொலைங்க ஐயா, எனக்கு பாக்டரிக்குப் போகணும்."

"இன்னைக்கு மட்டுந்தான்" என்று சொல்லி மோகன் எழுதினான். எட்டுக் கிலோ நூறு. முழுப்பேர்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது. மீதி இருபத்தொரு சாக்கையும் நான்தான் தூக்கி ஏறி இறங்கினேன். மகள் வாசிக்க, மோகன் கத்த, என் நிறை மலைக்கே கேட்டது. "தொண்ணூத்தாறு ரெண்டு. சேரக் கழிச்சு, சாக்கக் கழிச்சு, ஒம்பது முந்நூறு." நடுவில் ஒரு பெண் இரக்கப்பட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடிக்கப் போனேன். இருபது கைகள் தடுத்தன.

"குடிக்கப்படாது சேர், கணக்கு மாறிரும்" என்றான் மோகன்.

தேத்தண்ணியைச் சுமதி குடித்தாள்.

எல்லாம் முடிந்து லொறி போன பிறகு அக்காவிடம் கறிவேப்பிலை வாங்கப் போனேன். நன்றி மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. அக்கா கறிவேப்பிலையைக் கட்டித் தந்துவிட்டுக் கேட்டாள்: "நாளான்னைக்கும் வருவியா?"

கண்ணைக் கசக்கினேன். சாக்குத் தூசி. இருபத்திரண்டு சாக்கைக் கட்டிப் பிடித்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சுமதி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு துவாயோடு கண்ணாடித் தராசை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். "இது இஞ்சயே இருக்கட்டும் மச்சாள். அவர் இதில ஏறுறேல்ல" என்றாள்.

உடைந்த தராசுக்குப் பதிலாக நான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நூறு கிலோ தாங்கும். (என் தேவைக்காக அல்ல, கோபத்துக்காக.) கண்ணாடித் தராசு அக்காவின் வீட்டிலிருந்து தினமும் மடுவத்துக்கு வந்து போகிறது. மோகன் "ரெண்டு போக" என்று ஆரம்பித்தால் யாராவது ஒருத்தி வெறும் சாக்கோடு அதில் ஏறிவிடுவாளாம். எல்லா நாளும் வெல்வதில்லை, பாதி நாள் வெல்கிறோம் என்கிறாள் அக்கா. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சேரக் கழிக்கிறது'. வெறும் சாக்குக்கு என் பெயர். அக்கா மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தியபோதும், விஞ்ஞான ஆசிரியர் என்று ஒருவரும் சொல்லவில்லை. "எம்பத்தாறு நானூறு மாமா இவருதான்" என்றார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் "எங்கள் காலத்தில்" என்று வாய் திறந்தால் போதும், கவின் "தண்ணிக்கு ரெண்டு போக" என்பான். அன்று திரும்பி வரும் வழியில், ஒரு நப்பாசையில், அன்றைய நாளுக்கு மொத்தமாக எத்தனை புள்ளி என்று அபிநயாவிடம் கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பதிலைத்தான் வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் அவள் இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

"பத்து. தண்ணிக்கு ரெண்டு போக எட்டு."

எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அன்று ஒரு துளி மழை இல்லை, எந்தத் தண்ணி என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

"இருந்தது அப்பா" என்பாள். "நான் கண்டனான்."

சாக்குத் தூசி என்று எத்தனை தடவைதான் சொல்வது.